குப்பை மேட்டுத் தீ: பவுசருக்குப் பாதி மார்க், பெக்கோவுக்கு முழு மார்க்

மலையகத்தில் ஒரு சிறு டவுன், பெயர் வேண்டாம். டவுன் குப்பை முழுக்க எங்கள் தோட்டத்தை ஒட்டிய பள்ளத்தில்தான் கொட்டப்படுகிறது. பெப்ரவரி வெயிலில் அது பற்றிக்கொண்டபோது உள்ளூர் சபை எப்படி வேலை செய்தது என்று எழுதுகிறேன்.

தண்ணீர் வண்டியான பவுசர் சீக்கிரமே வந்தது, அதை மறுக்க மாட்டேன். மேலே தண்ணீர் அடித்தார்கள், சுவாலை அடங்கியது, போய்விட்டார்கள். ஆனால் குப்பைக்குள் துணி, மரம், பொலித்தீன் எல்லாம் சுவாலையே இல்லாமல் தணலாகக் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் கிடைத்த இடுக்கு வழியே ஓடிவிடுமே தவிர அந்தத் தணலைத் தொடாது. கறுப்புத் தண்ணீர் ஓடையில் கலந்ததுதான் மிச்சம். சரிவான மேட்டைக் கண்டபடி நனைப்பதும் ஆபத்து, 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்ததை மறக்க முடியுமா? சில நாட்களில் மறுபடி புகை. இரவில் குளிர்காற்று பள்ளத்தில் தங்க, புகையும் கலையாமல் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் இறங்கியது, பிள்ளைகள் விடிய விடிய இருமினார்கள்.

இரண்டாம் முறை மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. அதுதான் வேலை! கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, சூடான குப்பையைத் தனியே பரப்பி, நனைத்து, புரட்டி, ஆவி வருவது நின்ற பிறகே அமுக்கி மண் போட்டு மூடினார்கள். தோண்டும்போது காற்றுப் பட்டு மறுபடி பற்றும் என்பதால் ஒருவர் தண்ணீர்க் குழாயோடு பக்கத்திலேயே நின்றார். கீழே வடிகால் கானும் வெட்டினார்கள், அழுக்குத் தண்ணீர் ஓடைக்குப் போகவில்லை.

கோபம் வருவது எங்கே என்றால், அந்த ஊழியர்கள் மூக்கில் வெறும் துணிதான் கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் எரிந்த புகையில் டயொக்சின் இருக்கிறது, கார்பன் மொனொக்சைட் இருக்கிறது, துணி எதைத் தடுக்கும்? அவர்களுக்கு ஒழுங்கான முகக்கவசம் கொடுங்கள்.

இப்போது மண் போடுகிறார்கள், ஆனால் நினைத்தபோது. முறையான குப்பை நிரப்பிடங்களில் அன்றன்று கொட்டியதன் மேல் சுமார் 15 சென்டிமீட்டர் மண் போடுவது வழக்கம். அப்புறம் டிராக்டரில் அடுப்புச் சாம்பலும் போன் பெட்டரியும் ஒன்றாகவே ஏறுகின்றன. சாம்பலில் தணல் இருந்தாலோ பெட்டரி நசுங்கினாலோ அடுத்த தீ அதிலிருந்துதான்.

ஐந்துக்கு மூன்று. உங்கள் பக்கம் புகை தெரிந்தால் தீயணைப்புப் படைக்கு 110இல் அடியுங்கள், சபைக்கும் சொல்லி பெக்கோவையும் கையோடு அனுப்பச் சொல்லுங்கள்.