மலை ரயிலில் காதுக்கு எந்தப் பெட்டி நல்லது?

ஊட்டி மலை ரயிலைப் பற்றி எழுதுகிற எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே தெரிவதைத்தான் எழுதுகிறார்கள். நான் அதன் சத்தத்தைப் பற்றி எழுதுகிறேன், எனக்குச் சத்தம் நிறமாகத் தெரியும். சினெஸ்தீசியா என்று பெயர், நோய் கிடையாது. சின்ன வயதில் 'ழ' கரும்பச்சை என்று சொன்னால் வீட்டில் கதை விடுகிறாள் என்பார்கள், ஆனால் எண்களை நிறத்தோடு பார்க்கிறவர்களைப் பற்றி பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1880-லேயே எழுதிவிட்டார்.

நான் குன்னூர்க்காரி. பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, காலை வண்டியில் ஏறி மறுபடி மேலே வருவேன். இதுவரை மூன்று முறை.

கல்லாறு வரைக்கும் சத்தம் சாம்பல் கலந்த நீலம், ஓரம் கலங்கி இருக்கும். அங்கே எஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கிற பல்வரிசையைப் பிடிக்கிறது, அதை ஓட்டுவதற்கென்றே எஞ்சினில் தனி சிலிண்டர்கள் உண்டு, அதனால் தாளமே மாறிவிடும். எனக்கு அந்த நொடியில் செங்கல் சிவப்பு, துண்டு துண்டாக, கூர்மையான விளிம்போடு வந்து விழும். குகைக்குள் நுழைந்தால் அதே சிவப்பு, முற்றிய மருதாணி போலக் கறுத்துவிடும், நடுநடுவே பிள்ளைகள் போடும் கூச்சல் எலுமிச்சை மஞ்சள் புள்ளிகள். மொத்தம் 16 குகை, ஒன்றைக்கூட விட மனசு வராது. ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும்போதுதான் கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு.

முதல் முறை விவரம் தெரியாமல் முன் பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். குன்னூர் வரை எஞ்சின் பின்னால் இருந்துதான் தள்ளுகிறது, ஆக முன்பெட்டி காட்சிக்கு அருமை, சத்தத்துக்குக் கடைசிப் பெட்டிதான். இடம் அமைந்தால் அதில் ஏறுங்கள். அடுத்த இரண்டு முறையும் அங்கே உட்கார்ந்து, பழைய நோட்டைத் திறக்காமல் புதிதாகக் குறித்து, வீட்டுக்கு வந்து ஒப்பிட்டேன். கல்லாற்றில் அதே செங்கல் சிவப்பு. இப்படி மாறாமல் வருகிறதா என்றுதான் ஆய்வாளர்களும் சோதிக்கிறார்கள் என்பதால் எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சின். ஒரே மாதிரி, மடிப்பே இல்லாத தவிட்டு நிறம். சத்தம் தாங்காமல் காதைப் பொத்துகிற குழந்தை இருந்தால் இந்தப் பகுதி மட்டும் போதும். அப்புறம் ஒரு விஷயம், ஐப்பசி கார்த்திகையில் மண் சரிந்தால் கீழ்ப் பகுதியில் வண்டியை நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஓவியமோ தையலோ நான் யாரிடமும் கற்றதில்லை, கை போன போக்கில் பழகியது. 46 கிலோமீட்டர் பாதைக்கு 46 அங்குலத் துணி எடுத்து, கிலோமீட்டருக்கு ஓர் அங்குலமாகச் சாயமும் நூலுமாக ஏற்றி வருகிறேன். குகைகளுக்கு மருதாணிச் சாயம், கல்லாற்றில் சிவப்பு நூல் முடிச்சு. ஊட்டிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற லவ்டேல் ஸ்டேஷன் வரை வந்தாயிற்று. டீ டிகாஷனில் அந்தத் தவிட்டு நிறம் மட்டும் சரியாகப் பிடிபடவில்லை, அதற்காகவே அடுத்த மாதம் குன்னூரிலிருந்து இன்னொரு முறை ஏறப் போகிறேன்.