தம்பிக்கு ஒரு கோப்பு, அப்பாவுக்கு ஒரு கோப்பு

இலங்கைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பராவில் (அறையில்) சாமி படத்துக்குப் பக்கத்தில் இரண்டு கோப்புகள் தொங்குகின்றன. ஒன்று தம்பியுடையது. பிறவியிலேயே மூளைவாதம், 23 வயதாகியும் தானாக எழுந்து உட்கார மாட்டான். மற்றது அப்பாவுடையது. ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், வேலை செய்தபோது ரோலரில் வலது கை சிக்கி மூன்று விரல்களை இழந்தவர். இந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு அலைந்ததில் எந்த உதவி எதற்கு ஆகும், எதன் பின்னால் முதலில் ஓட வேண்டும் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. லயத்தில் எல்லோரும் கேட்பது, "எதுல கூட காசு வரும்?" என்றுதான். நான் முதலில் பார்ப்பது, அதற்காக எத்தனை நாள் பேர் (வேலைக்கு வந்ததாகப் பதிந்து கிடைக்கும் நாட்சம்பளம்) போகும் என்று. ஒரு நாள் டவுனுக்கு இறங்கினால் அம்மாவுக்கு ஒரு பேர் இல்லை. பஸ் காசும் திரீவீல் காசும் தனி.

தம்பியின் கோப்பிலிருந்து தொடங்குகிறேன். அதில் இரண்டு வழிகள். ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு. 7,500 ரூபாயாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆக்கினார்கள். அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து அமல். மற்றது, 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டத்தில் குடும்பத்துக்குக் கிடைக்கும் பணம். இதில் வறிய குடும்பத்துக்கு 8,500, மிக வறிய குடும்பத்துக்கு 15,000 என்று இருந்தது 2025 ஜனவரியில் 10,000, 17,500 என்று உயர்ந்தது.

தொகையை மட்டும் பார்த்தால் அஸ்வெசும பெரியதாகத் தெரியும். ஆனால் அது குடும்பத்துக்கு மார்க் போட்டுக் கொடுக்கும் காசு. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என ஆறு பக்கங்களில் 22 குறிகாட்டிகள் வைத்து அளக்கிறார்கள். வீட்டில் இயலாத ஒருவர் இருப்பதும் அந்தக் கணக்கில் சேரும், ஆனால் பலதில் ஒன்றாக. தங்கச்சி கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனாள் என்று வையுங்கள், குடும்பத்தின் மார்க் மாறும். தம்பி மாறமாட்டான், அவனுக்கு வேண்டிய பம்பஸும் குறையாது. மாதக் கொடுப்பனவு ஆளோடு ஒட்டியது, குடும்பப் பணம் வீட்டோடு ஒட்டியது. "அஸ்வெசும வருதே, இனி எதுக்கு இது?" என்று தனிக் கொடுப்பனவுக்கு எழுதாமல் விட்டவர்கள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். அது பெரிய பிழை. இரண்டுக்கும் எழுத வேண்டும், ஆனால் ஓட்டத்தில் முதலிடம் ஆளுக்கான கொடுப்பனவுக்கு.

அந்தக் கொடுப்பனவின் குறை, காத்திருப்பு. 2023இல் அஸ்வெசும தொடங்கியபோது மாற்றுத்திறனாளிகளுக்கென நாடு முழுவதற்கும் ஒதுக்கிய இடங்கள் 72,000. 2012 குடிசன மதிப்பீட்டிலோ ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஏதோ ஒரு இயலாமை உள்ளவர்களாகப் பதிவானார்கள். எல்லோருக்கும் கடுமையான பாதிப்பு இல்லைதான். இருந்தாலும் வரிசை எவ்வளவு நீளம் என்று அந்த இரண்டு எண்களே சொல்லும். தகுதி இருந்தும் "இடம் வந்தா சொல்றோம்" என்ற பதிலோடு திரும்பி வந்த வருடங்கள் எங்களுக்கும் உண்டு.

வரிசையில் நிற்பதற்கே எங்கள் பக்கத்தில் தனிக் கஷ்டம். லயத்துக்கு விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட ஆபிசுக்கு வந்து, கிளாக்கர் மேசையில் கிடந்து, யாராவது மேல் டிவிஷனுக்கு ஏறும்போது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. ஒருமுறை 12ஆம் திகதி வரச் சொன்ன கடிதம் 15ஆம் திகதி எங்கள் கைக்கு வந்தது. சிங்களத்தில் மட்டும் இருந்ததால் வாசித்துக்கொள்ள இன்னும் ஒரு நாள். அதற்குப் பிறகு விண்ணப்பத்தில் டவுனில் கடை வைத்திருக்கும் மாமாவின் விலாசத்தையும் என் போன் நம்பரையும் எழுதினேன். அதோடு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிக் கொப்பி மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஒன்றில் "ராமையா", மற்றதில் "இராமையா" என்று இருந்தால் போதும், கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் பொதுசன மாதாந்த உதவிப் பணமும் இருக்கிறது. தொகை மிகச் சிறியது. இறங்கி ஏறும் பஸ் காசுக்கே சரியாகிவிடும் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சக்கர நாற்காலி போன்ற உபகரணங்களும் தருகிறார்கள். தம்பிக்கும் ஒன்று கிடைத்தது. லயத்து வாசலிலிருந்து ரோட்டுக்கு 41 படிகள். இப்போது அந்த நாற்காலியில் அம்மா அரிசி மூட்டை வைத்திருக்கிறார்.

10,000 ரூபாய் கைக்கு வந்தாலும் அது எவ்வளவு தூரம் போகும்? 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால் ஏழு பேரும் கொஞ்சம் மிச்சமும். தம்பியைப் பார்த்துக்கொள்ள அம்மா மாதத்தில் ஏழு நாளுக்கு மேல் வேலைக்குப் போகாமல் நின்றால், அந்தக் காசு அம்மாவின் பேருக்கே காணாது.

சரி, இனி அப்பாவின் கோப்பு. இங்கே ஒப்பிட வேண்டியது வேறு இரண்டை: வேலையாள் நட்டஈடு, ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.).

விரல்கள் போனபோது அப்பாவுக்கு 46 வயது. தோட்டத்துத் தலைவர் ஒருவர் வந்து, "மெடிக்கல் போட்டு ஈ.பி.எப்.ப எடுத்துருங்கண்ணே, மொத்தமா வரும்" என்றார். அம்மா உடனே, "எடுத்துட்டா பேர நிறுத்திருவாங்க, அப்புறம் காம்பரா யாரு பேர்ல நிக்கும்?" என்று கேட்டார். அம்மா பயந்தது சரி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையை விட்டால் எடுப்பது அந்த நிதி. அதற்கு முன் உடல்நிலையைக் காட்டி முழுவதும் எடுக்க, நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய முடியாதவர் என்று நிரூபிக்க வேண்டும். மூன்று விரல் போனதை அப்படி ஏற்பது கஷ்டம். வேலையில் இருந்துகொண்டே சிகிச்சைக்கோ வீட்டுக்கோ 30 சதவீதம் எடுக்கும் வழியும் உண்டு. பத்து வருட சேவையும் கணக்கில் மூன்று இலட்சம் ரூபாயும் வேண்டும். எப்படி எடுத்தாலும் அது நம் காசுதான். கிழ வயதுக்கு வைத்ததை முன்கூட்டிச் சாப்பிடுகிறோம்.

நட்டஈடு அப்படியில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலை காரணமாக நடந்த விபத்துக்கு முதலாளி கொடுக்க வேண்டியது அது. முழு இயலாமைதான் வேண்டும் என்றில்லை; எந்த உறுப்பு, எவ்வளவு போனது என்பதற்கு விகிதம் போட்டு அட்டவணையே இருக்கிறது. வாங்குவதற்காக வேலையை விடவும் வேண்டாம். எங்கள் அப்பாவுக்கு ஏற்றது இதுதான். இதை மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தோட்ட லொறியிலேயே கொண்டுபோனார்கள், திரும்பி வந்ததும் வாட்ச்சர் வேலை கொடுத்தார்கள். "நல்ல தொரை" (தோட்ட நிர்வாகி) என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார். லேசான வேலை கொடுத்ததால் நட்டஈடு தீர்ந்துவிடாது என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

என் வரிசையில் நட்டஈடு முதலில், சேமலாப நிதி கடைசியில். நட்டஈட்டில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. விபத்து ஸ்டோரில்தான் நடந்தது என்பதற்கு அன்றைக்கே கடுதாசி வேண்டும்: ஆஸ்பத்திரி டயக்னோசிஸ் கார்டில் காயம் எப்படி ஆனது என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள், செக்றோலில் (வருகைப் பதிவேட்டில்) அன்றைய பேர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாமல் கைக்காசுக்குப் போகிறவர்களுக்கு இங்கேதான் அடி விழும். வேலைக்கு வந்ததைக் காட்டவே அவர்களிடம் எதுவும் இராது.

அப்பாவின் கார்ட் இன்னும் கோப்பில் இருக்கிறது. ஈரத்தில் மடிப்புப் பக்கம் கறுத்துவிட்டது. திகதி தெரிகிறது, டொக்டரின் கையெழுத்து தெரிகிறது. "எப்படிக் காயம்?" என்ற இடத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை.