போட்டோ போட்ட ஸ்டீல் பாட்டில்: வாங்கலாம், கோட்டிங்கைப் பார்த்து வாங்குங்கள்

வெள்ளை கோட்டிங் போட்ட ஸ்டீல் பாட்டிலில் போட்டோ பிரிண்ட் பண்ணித் தருகிறார்களே, அதைத் தாராளமாக வாங்கலாம். அதே கடையில் அதே முறையில் போட்டுத் தருகிற தகர டப்பாவைத் தொட வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும், காரணம் வேண்டுமென்றால் மேலே படியுங்கள்.

மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். தாம்பூலப் பையோடு என்ன கொடுப்பது என்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்து, பிளாஸ்டிக் வேண்டாம், பித்தளை விளக்கு எல்லார் வீட்டுப் பரணிலும் தூங்குகிறது என்றெல்லாம் கழித்துக் கட்டிக் கடைசியில் தண்ணீர் பாட்டிலில் வந்து நின்றது. பாரிமுனையில் கல்யாணப் பத்திரிகைக் கடைகள் வரிசையாக இருக்கிற ஆண்டர்சன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிற சின்னக் கடைக்குத்தான் ஆர்டர் கொடுத்தோம். கடைப் பெயர் வேண்டாம், ஏன் என்று படித்தால் புரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேலை கண் முன்னால் நடக்கிறது. சாதாரண இங்க் டேங்க் பிரிண்டர்தான், உள்ளே மட்டும் சூடு பட்டால் ஆவியாகிற சப்ளிமேஷன் மை. படத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலமாக மாற்றிப் பேப்பரில் அடிக்கிறார்கள். அந்தப் பேப்பரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது, அத்தையின் அரக்குப் பட்டுப் புடவை காய்ந்த செங்கல் நிறத்தில் வெளிறிக் கிடந்தது. "பயப்படாதீங்கக்கா, சூடு பட்டாதான் கலர் ஏறும்" என்றான் கடைப் பையன். பேப்பரைப் பாட்டிலைச் சுற்றி இழுத்துப் பிடித்துச் சூடு தாங்கும் டேப்பை ஒட்டி, வளைந்த அச்சுக்குள் வைத்து இறுக்கினான். மீட்டரில் 180 டிகிரி. ஒன்றிரண்டு நிமிடத்தில் மெஷின் கத்தியது, கையுறை போட்டுக்கொண்டு பேப்பரை ஒரே இழுப்பில் உரித்தான். புடவை அரக்காகவே வந்திருந்தது, ஜரிகைக் கோடு தனித்தனியாகத் தெரிந்தது. அந்த உரிக்கிற நேரத்தைப் பார்ப்பதற்காகவே கடைக்குப் போகலாம்.

விஷயம் என்னவென்றால், அந்தச் சூட்டில் மையில் இருக்கிற சாயம் கற்பூரம் மாதிரி உருகாமல் நேரே ஆவியாகிறது. பாட்டில் மேல் இருக்கிற பாலியெஸ்டர் கோட்டிங்கும் அந்தச் சூட்டில் இளகியிருப்பதால் ஆவி அதற்குள் புகுந்து, ஆறியதும் அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் நகத்தால் கீறிப் பார்த்தாலும் ஸ்டிக்கர் மாதிரி ஓரம் தட்டுப்படுவதில்லை, படம் கோட்டிங்கோடு கோட்டிங்காகக் கிடக்கிறது. இதிலிருந்தே இன்னொன்றும் புரிந்திருக்கும்: கோட்டிங் இல்லாத வெறும் எவர்சில்வரில் இந்தச் சாயம் நிற்காது. வீட்டில் இருக்கிற பழைய சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு போய் "இதுல போட்டுக் கொடுங்க" என்று கேட்கிறவர்களைக் கடையிலேயே பார்த்தேன். அதற்குப் பாத்திரக் கடை வாசலில் பேர் வெட்டுகிறவர்தான் சரி, இல்லையென்றால் லேசர்.

அப்புறம் வெள்ளை நிறம். இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. மாமாவின் வேட்டியும் அத்தை தலையில் இருக்கிற மல்லிகையும் வெள்ளையாகத் தெரிவது அடியில் இருக்கிற கோட்டிங் வெள்ளையாக இருப்பதால்தான். கடையில் ஸ்டீல் நிறம் பளபளக்கத் தெரிகிற பாட்டிலும் வைத்திருக்கிறார்கள், அதன் மேல் நிறமில்லாத கோட்டிங். "ரிச்சா இருக்கும்கா" என்று அதைத்தான் முதலில் தலையில் கட்டப் பார்த்தார் முதலாளி. மாதிரிக்கு ஒன்று போட்டுக் காட்டச் சொன்னால், வேட்டி இரும்பு வேட்டியாகவும் மாமா முகம் சாம்பல் பூசியது போலவும் வந்தது. கோலம், எழுத்து, கோட்டுப்படம் என்றால் அந்தப் பாட்டில் அழகாகத்தான் இருக்கும், மனித முகத்துக்கு ஆகாது.

இனி குறைகள். சில பாட்டில்களில் பெயர் இரட்டையாகத் தெரிந்தது, எழுத்துக்குப் பின்னால் மங்கலாக இன்னொரு எழுத்து. சூடாக இருக்கும்போது பேப்பர் நூலளவு நகர்ந்தாலும் இப்படித்தான் ஆகும், டேப் ஒட்டுவதில் காட்டிய அவசரம். அவற்றை மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், அது பாராட்ட வேண்டியது. பாட்டில் கழுத்துப் பக்கம் குறுகுகிற இடத்தில் அச்சு சரியாக அழுத்தாமல் நிறம் வெளிறுவதும் உண்டு, ஆகவே பெயரையும் தேதியையும் நடுவயிற்றில் போடச் சொல்லுங்கள். பேப்பர் இரண்டு பக்கமும் வந்து சேருகிற இடத்தில் ஒரு கோடு விழும். படம் சுற்றிலும் வராமல் முன்பக்கம் மட்டும் இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

தகர டப்பாதான் வயிற்றெரிச்சல். நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் பட்சணம் போட்டுக் கொடுக்க மூடி உள்ள சதுர டப்பா சொல்லியிருந்தோம். மூடியில் சுற்றிலும் ஒரு மேடு, நான்கு மூலையும் வளைவு. சூடு வைத்து அழுத்துகிற தட்டையான பிரஸ், அந்த மேட்டின் மேல் மட்டும் உட்கார்ந்து நடுப் பள்ளத்தைத் தொடவே இல்லை, ஆகவே நடுவில் படம் திட்டுத்திட்டாக வந்தது. போதாததற்குக் கோட்டிங்கும் மட்டம், பண்டிகைக்கு எடுத்த அக்கா வீட்டு டப்பாவில் ஓரத்தில் செதில் செதிலாக உரிந்து தகரம் தெரிகிறது. திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினால், "டப்பா நாங்க செய்யறதில்லைக்கா, வெளியில இருந்து வருது" என்று பதில். பிரிண்டுக்குக் காசு வாங்கியவர் டப்பாவுக்கும்தானே வாங்கினார்? பணமும் வரவில்லை, மாற்று டப்பாவும் வரவில்லை. இந்த மாதிரி டப்பாவுக்குத் தட்டையான மூடியாகத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் சாதாரண டப்பா வாங்கி நல்ல லேபிள் ஒட்டிவிடுவது மேல்.

பாட்டில் ஒன்றுக்கு 350 ரூபாய் ஆனது, ஒற்றைச் சுவர் பாட்டில், பிரிண்டோடு சேர்த்து. சூடு தாங்கும் இரட்டைச் சுவர் பாட்டிலுக்கு விலை கூட. வெந்நீர் ஊற்றினால் படம் அழிந்துவிடுமா என்று சித்தப்பா கேட்டார். அழியாது, கொதிநீரே 100 டிகிரிதான், சாயம் கிளம்ப அதைவிட ரொம்ப அதிகம் வேண்டும். படத்துக்கு எமன் வெயிலும் கம்பி நாரும்தான். தினமும் வெயில் படுகிற ஜன்னலில் வைத்தால் நிறம் மெல்ல வெளுக்கும். சபீனா போட்டுக் கம்பி நாரால் தேய்த்தால் கோட்டிங் கீறும், கோட்டிங் போனால் படமும் போச்சு. வேலைக்கு வருகிற அம்மாவிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள், மெத்தென்ற ஸ்பாஞ்சும் சோப்பு நீரும் போதும். எங்கள் வீட்டுப் பாட்டில் தினமும் ஆபீஸ் போய் வருகிறது, படம் இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது, அடி விளிம்பில் மட்டும் தரையில் இடித்து இடித்துக் கொஞ்சம் வெள்ளை பெயர்ந்திருக்கிறது.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு பாட்டிலுக்குக் காசு கொடுத்துப் போட்டு வாங்கி வாருங்கள். வீட்டில் கழுவி, நகத்தால் விளிம்பைக் கிளறிப் பாருங்கள், உரியவில்லையென்றால் மீதிக்கு முன்பணம். வாட்ஸாப்பில் வந்து தேய்ந்துபோன போட்டோவைக் கொடுக்காமல் போட்டோகிராபரிடம் ஒரிஜினல் பைலைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். முகூர்த்த மாதத்தில் கூட்டம் நெரியும், அதற்குத் தகுந்தபடி முன்கூட்டியே போங்கள்.