உப்புத்தாள் போட்ட வெப்லியும் தொடாமல் விட்ட பிஎஸ்ஏவும்

இங்கிலாந்தில் என்னிடம் 11 வருடமாக இரண்டு பழைய ஏர் ரைபிள்கள் இருக்கின்றன. இரண்டும் பர்மிங்ஹாம் சரக்கு. ஒன்று வெப்லி கம்பெனியின் மார்க் 3. 1947 முதல் 1975 வரை வந்துகொண்டிருந்த மாடல். மற்றது பிஎஸ்ஏ கம்பெனி போருக்கு முன்பு செய்தது. லிங்கன் ஜெஃப்ரீஸ் 1904-ல் காப்புரிமை எடுத்த வடிவமைப்பு.

இரண்டிலும் குழலுக்கு அடியில் ஒரு நெம்புகோல். அதை இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் இறுகும்; சுடும்போது அது பிஸ்டனைத் தள்ள, அழுந்திய காற்று குண்டைத் துரத்தும். பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, நேராகக் குழலுக்குள் வைக்க முடியாது. தண்ணீர்க் குழாய்த் திருகு மாதிரி மேலே ஒரு 'டாப்' இருக்கும். அதைத் திருப்பித் திறந்து, தலை முன்னால் போகும்படி பெல்லட்டைப் போட்டு மூட வேண்டும்.

வெப்லி வந்த முதல் மாதமே நான் செய்த வேலை இருக்கிறதே, நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. தோளில் அணைத்துப் பிடிக்கும் மரக் கட்டையில் கீறல்கள் இருந்தன. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புதுசு மாதிரி ஆக்கிவிட்டேன். விளிம்புகளெல்லாம் மழுங்கின. கட்டை தேய்ந்ததால் இரும்பும் மரமும் சந்திக்கும் இடத்தில் இரும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டு வருடம் கழித்து விலை கேட்கக் கொண்டுபோனேன். வியாபாரி கட்டை விரலால் அந்த விளிம்பை ஒருமுறை தடவினார். அவ்வளவுதான், நான் மனதில் வைத்திருந்ததில் பாதி சொன்னார். மறுபடி ப்ளூயிங் (இரும்புக்கு ஏற்றும் கருநீலப் பூச்சு) செய்த இரும்புக்கும் இதே கதிதான். எழுத்துகளின் ஓரம் கரைந்திருந்தால் யாரோ பாலிஷ் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதனால் பிஎஸ்ஏவின் வெளிப்புறத்தைத் தொடவே இல்லை. உள்ளே மட்டும் கை வைத்தேன். பிஸ்டன் தலையில் தோல் வாஷர். பழைய சைக்கிள் பம்பில் இருக்குமே, அதே சாதிதான். காய்ந்து, ஓரம் சுருண்டு கிடந்தது. 14.5 கிரெய்ன் (ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு) எடையுள்ள பெல்லட் நொடிக்கு 430 அடிதான் போயிற்று. புது வாஷரை, தோலைப் பதமாக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் ஊறவைத்துப் போட்டேன். முதலில் பத்துப் பதினைந்து குண்டுக்குப் புகையாகக் கக்கியது. அப்புறம் 510-ல் நின்றது. குண்டின் வேகத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஆற்றல் ஏறக்குறைய 8.4 அடி-பவுண்டு. இந்த வயதுக்கு இது போதும். இங்கே லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள 12 அடி-பவுண்டு வரை அனுமதி. ஸ்காட்லாந்தில் மட்டும் 2016 கடைசியிலிருந்து ஏர் ரைபிளுக்கே லைசென்ஸ் வேண்டும். அங்கே வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்.

வாங்கும்போது டாப்பைத்தான் முதலில் பார்ப்பேன். வாஷரும் ஸ்பிரிங்கும் மாற்றலாம். தேய்ந்த டாப்பைச் சரிசெய்வது பெரிய வேலை. மெல்லிய டிஷ்யூ துண்டு ஒன்றை டாப்பின் மேல் வைத்து, பாதுகாப்பான இலக்கில் ஒரு குண்டு சுடுங்கள். டிஷ்யூ துள்ளினால் காற்று கசிகிறது, விலையைக் குறைத்துப் பேசலாம். காலி டாப்போடு சுட்டுப் பார்க்கவே கூடாது; பிஸ்டனைத் தடுக்கும் காற்றணை இல்லாமல் அது போய் முட்டும்.

அடுத்தது எண். பிஎஸ்ஏவில் வரிசை எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துதான் மாடலைச் சொல்லும். குழல் அளவையும் அவர்கள் எண்ணாகவே சொன்னார்கள்: 1 என்றால் .177 அங்குலம், 2 என்றால் .22, 3 என்றால் .25. வெப்லி மார்க் 3-ல் சூப்பர்டார்கெட் என்ற வகை என்றால் மவுசு கூடும், அதற்கு பார்க்கர்-ஹேல் கம்பெனியின் பின்குறி (குறிபார்க்கும் பின்பக்கச் சாதனம்) வேண்டும். குறியைக் கழற்றி விற்றுவிட்ட துப்பாக்கிகளும் சந்தையில் வரும்.

பிஎஸ்ஏவோடு எனக்கு இருக்கும் ஒரே தலைவலி தீனிதான். அந்தக் காலத்து .22 குழல்கள் சற்று அகலம். இன்றைய 5.5 மில்லிமீட்டர் பெல்லட் தளர்வாக உட்காரும். 10 மீட்டரில் குறி சிதறும். 5.6 அளவில் வந்த எலே வாஸ்ப் என்ற பெல்லட்டைப் போட்டால் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகிறது. பழைய டப்பா ஒன்று கிடைத்தது. இப்போது அதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு இருபது என்று எண்ணி எடுக்கிறேன்.