பூஞ்சை, கீறல், மஞ்சள்: மூன்று பழைய லென்ஸ்களோடு சில வருடங்கள்

டார்ச் அடித்துப் பார்த்தால் எந்தப் பழைய லென்ஸும் குப்பையாகத்தான் தெரியும். தர்மபுரியில் என் வீட்டில் இருக்கும் மூன்றும் அப்படித்தான்: சோவியத் தயாரிப்பான ஹீலியோஸ் 44-2, பென்டாக்ஸின் சூப்பர் தக்குமார் 50 எம்.எம். எஃப் 1.4, அப்புறம் யாஷிகா எலக்ட்ரோ 35 என்ற ஃபிலிம் கேமராவில் கழற்ற முடியாதபடி பொருத்தியிருக்கும் 45 எம்.எம். சில வருடங்கள் ஃபிலிம் ஓட்டிப் பார்த்ததில், கண்ணை உறுத்தும் குறை வேறு, படத்தைக் கெடுக்கும் குறை வேறு என்பது தெளிவாகிவிட்டது.

ஹீலியோஸின் முன் கண்ணாடியில் நல்ல கீறல். அப்படியே விட்டுவிட்டேன். எதிர்வெளிச்சத்தில் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறையும். லென்ஸ் முனையில் வெளிச்சத்தை மறைக்கும் ஹுட் போட்டால் சரி. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறலுக்கு முன்னால் கண்ணாடி மேல் பூசிய மெல்லிய படலமான கோட்டிங்தான் போகும். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் அங்கே கறுப்பு மை தொட்டு வைப்பார்கள், ஒளி சிதறாது. பின் கண்ணாடிக் கீறல் மட்டும் வேறு கதை. அது படத்தில் காட்டிக்கொடுக்கும், வாங்காதீர்கள்.

யாஷிகாவில்தான் உண்மையான வேலை. உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை, கூடவே மெல்லிய மூட்டம். இந்த மூட்டம்தான் பெரிய எதிரி, படம் முழுக்கச் சாம்பல் பூசிவிடும். பெயர் பொறித்த முன் வளையத்தை ரப்பர் மூடியால் அழுத்தித் திருகினால் கழன்றுவிடும். முதலில் புளோயரால் தூசியை ஊதுங்கள். மணல் துகளோடு துடைத்தால் புதுக் கீறல் விழும். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த லென்ஸ் டிஷ்யூவால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைக்கலாம். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். பூஞ்சை போனது, அது தின்ற கோட்டிங்கின் தடம் மட்டும் இன்னும் இருக்கிறது. படத்தில் இதுவரை கண்ணில் படவில்லை.

தக்குமாரின் மஞ்சள் நிறம் அழுக்கே அல்ல. தோரியம் என்ற கதிரியக்க உலோகம் கலந்த கண்ணாடி வருடக்கணக்கில் தானாக மஞ்சளிக்கும், புறஊதா ஒளி பட்டால் தெளியும். நம்ம ஊர் வெயிலுக்கு என்ன குறை என்று மொட்டை மாடியில் வைத்துவிடாதீர்கள். சூட்டில் கிரீஸ் இளகி உள்ளே வரும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் பிளேடுகளில் எண்ணெய் ஏறும். குவிந்த வெயில் துணியைப் பற்ற வைக்கவும் கூடும். புறஊதா எல்இடி விளக்கடியில் சில நாட்கள் வைத்தால் போதும். கறுப்பு வெள்ளை மட்டும் எடுப்பவர் அதைக்கூடச் செய்ய வேண்டியதில்லை, இலவச மஞ்சள் ஃபில்டர்தானே!

ஒகேனக்கல்லில் சாரல் பட்ட கேமராவைத் தோல் உறையில் போட்டு மூடுவது பூஞ்சைக்கு விருந்து வைப்பது. நான் உறையைத் தனியே வைத்துவிட்டு, காயவைத்த கேமராவை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் போடுகிறேன். நீலமாக இருக்கும் மணிகள் நிறம் மாறியதும் வெறும் வாணலியில் மெதுவாகச் சூடாக்கினால் மறுபடி உதவும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

நான் தொடாத இன்னொரு கோளாறு, கண்ணாடிகளை ஒட்டும் பசையான பால்சம் பிரிவது. ஒட்டிய இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஓரத்தில் வானவில் மாதிரி மினுக்கும். பிரித்து, மையம் பிசகாமல் மறுபடி ஒட்டுவது வீட்டு மேஜையில் ஆகிற வேலையில்லை. அப்படி ஒன்று எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.