முப்பட்டகமா, டிவிடி துண்டா, கீற்றணியா, பிளவுக் கருவியா? கொடைக்கானலில் நிறமாலை பார்க்க எது பொருந்தும்

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் சுரங்கத் தொலைநோக்கியில் 11 மீட்டர் கோபுரத்தின் மேல் உள்ள 60 செ.மீ. கண்ணாடிகள் வெயிலைப் பிடித்துக் கீழே இறக்குகின்றன. தரைக்கடியில் 60 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம். 38 செ.மீ. லென்ஸ் ஒன்று, 36 மீட்டர் தள்ளி, சுமார் 34 செ.மீ. அகலச் சூரிய பிம்பத்தை விழவைக்கிறது. அந்தப் பிம்பத்தில் மயிரிழை அளவு மட்டும் ஒரு பிளவு வழியே நுழைந்து, மி.மீ.க்கு 600 கோடுகள் கீறிய, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடான கீற்றணியில் பட்டு விரிகிறது. கீற்றணி ஒரே ஒளியிலிருந்து பக்கவாட்டில் பல நிறமாலைகளைத் தரும், அவற்றை வரிசைகள் என்பார்கள். ஐந்தாம் வரிசையில் 1 நானோமீட்டர் அலைநீள வேறுபாடு ஏறத்தாழ 90 மி.மீ. அகலத்துக்குப் பரவிக் கிடக்கும்.

இத்தனை விரிப்பு எதற்கு? 1909 ஜனவரியில், இந்தச் சுரங்கம் கட்டப்படுவதற்கு அரை நூற்றாண்டு முன்பு, ஜான் எவர்ஷெட் இதே மலையில் சூரியப் புள்ளி ஒன்றின் நிறமாலையை எடுத்தார். புள்ளியின் கருமையைச் சுற்றியுள்ள மங்கல் வளையத்தில், நிறமாலையில் அணுக்கள் பதிக்கும் கருங்கோடுகள் லேசாகச் சாய்ந்திருந்தன. வாயு நம்மை நோக்கியோ விலகியோ நகர்ந்தால் கோட்டின் அலைநீளமும் சற்று நகரும். அங்கே வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பது அதன் பொருள். நொடிக்கு 2 கி.மீ. வேகம் என்றால், 600 நானோமீட்டரில் கோடு நகர்வது 0.004 நானோமீட்டர். சுரங்கக் கருவியில் அது மூன்றில் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். அளவுகோல் வைத்து அளக்கலாம். டிவிடி துண்டில் அந்த நகர்வு இருந்த சுவடே தெரியாது.

எனவே கருவி வாங்கும் முன், கேட்கப்போகும் கேள்விக்கு எத்தனை நானோமீட்டர் நுணுக்கம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். திருவாதிரையின் சிவப்பில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறு இருக்கிறதா என்று பார்க்க 3 அல்லது 4 போதும். சோடியத்தின் 589.0, 589.6 இரட்டைக் கோடுகளைப் பிரிக்க 0.6-க்குக் கீழே போகவேண்டும். ஒரு விண்மீன் நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் விலகிச் செல்வதைக் காண, 0.06 அளவு நகர்வைப் பிடிக்கவேண்டும்.

பகலில்: முப்பட்டகமும் டிவிடி துண்டும்

பி.எஸ்சி. இயற்பியல் ஆய்வகத்து நிறமாலைமானியில் முப்பட்டகத்தையும் வைக்கலாம், கீற்றணியையும் வைக்கலாம். பாதரசத்தின் 404.7 கோட்டுக்கும் ஹைட்ரஜனின் 656.3 கோட்டுக்கும் இடையிலான கோண வித்தியாசம், 60 பாகை கிரௌன் கண்ணாடி முப்பட்டகத்தில் சுமார் 1.4 பாகைதான். பிளிண்ட் கண்ணாடியில் 3.5 பாகை. மி.மீ.க்கு 600 கோடுகள் கொண்ட கீற்றணியில் முதல் வரிசையிலேயே 9 பாகை. முப்பட்டகம் நீலத்தை அகல விரித்துச் சிவப்பை நெருக்கிவிடுவதால், அளவுத்திருத்தத்துக்கு நான்கைந்து தெரிந்த கோடுகளாவது வேண்டும். கீற்றணியில் கோணத்தின் சைன் மதிப்பு அலைநீளத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் இரண்டு கோடுகளே பெரும்பாலும் போதும்.

முப்பட்டகத்தின் பலம் ஒளி வீணாகாததுதான். எல்லா ஒளியும் ஒரே நிறமாலைக்குள் போகிறது. சாதாரண கீற்றணி அதைப் பல வரிசைகளுக்குப் பங்கு போட்டுவிடும். ஒளி குறைந்த வேலைக்கு இது பெரிய விஷயம். பள்ளி அறிவியல் மன்றத்துக்கோ அது தேவையே இல்லை. வெயிலுக்கு இந்த மலையில் எந்தக் குறையும் இல்லை.

டிவிடியில் தடங்களுக்கிடையே 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளி, அதாவது மி.மீ.க்குச் சுமார் 1350 கோடுகள். சிடியில் 625. ஒரே பிளவை வைத்துப் பார்த்தால் டிவிடிக்கு இரு மடங்குக்கும் மேல் நுணுக்கம் கிடைக்கும். பழைய டிவிடியின் ஓரத்தில் கத்தியை நுழைத்தால் இரண்டு தகடுகளாகப் பிரியும். பூச்சில்லாத தகட்டில், வெளி விளிம்புப் பக்கமாக 2 செ.மீ. சதுரம் வெட்டி எடுக்கவேண்டும். தடத்தின் வளைவு அங்கேதான் மிகக் குறைவு. சாயம் ஒட்டியிருந்தால் ஸ்பிரிட்டில் கழுவினால் போய்விடும்.

பலரும் டிவிடியில் கவனம் வைத்துப் பிளவைக் கோட்டைவிடுகிறார்கள். அட்டையில் கத்தரித்த பிளவு அரை மி.மீ.க்குக் கீழே வராது. அதன் வழியே வானவில் தெரியும், கோடு தெரியாது. இரண்டு சவர பிளேடுகளின் கூர்முனைகளை எதிரெதிரே வைத்து, நடுவில் ஒரு சாதாரண ஏ4 தாளைச் செருகி ஒட்டிவிட்டுத் தாளை உருவினால் சுமார் 0.1 மி.மீ. பிளவு கிடைக்கும். 20 செ.மீ. நீளக் குழாயில் இதைப் பொருத்தினால் டிவிடிக்கு 0.3 நானோமீட்டர் அளவுக்கும், சிடிக்கு 0.8 அளவுக்கும் நுணுக்கம் கணக்கில் வருகிறது. சோடிய இரட்டையை டிவிடி பிரிக்கும் வாய்ப்பு உண்டு, சிடி பிரிக்காது. தகடு நெளிந்திருந்தால் டிவிடியும் பிரிக்காது.

தடங்கள் பிளவுக்கு இணையாக நிற்கவேண்டும். சாய்ந்தால் கோடுகள் கரைந்துவிடும். பிளவில் தூசி இருந்தால் வண்ணங்கள் நெடுகக் கருங்கோடு ஓடும். அணுவின் கோடு எப்போதும் பிளவுக்கு இணையாகத்தான் நிற்கும், தூசியின் கோடு அதற்குச் செங்குத்தாக ஓடும். இந்த வித்தியாசம் தெரியாமல் தூசியை இரும்பு என்று எழுதிவைத்த பதிவேடுகள் உண்டு. கைபேசியில் படம் எடுத்தால் குவியத்தையும் ஒளி அளவையும் பூட்டிவிட்டு எடுக்கவேண்டும். ஒளி மிகுந்தால் கோடுகள் மூழ்கிவிடும்.

பிளவை நேராகச் சூரியனுக்குக் காட்டிக் கண்ணை வைக்கவே கூடாது. வெயில் விழும் வெள்ளைத்தாள் போதும். மூட்டம் இறங்கிய நாளில் வெண்மேகமே போதும், மேகத்தின் வெளிச்சமும் வெயில்தானே. ஹைட்ரஜன் 656.3, சோடியம் 589, மக்னீசியம் 517 அருகே, ஹைட்ரஜன் 486.1 நான்கையும் கண்ணாலேயே அடையாளம் காணலாம். 687-இல் தெரியும் பட்டை மட்டும் சூரியனுடையது அன்று, நம் காற்றின் ஆக்சிஜன். நண்பகலிலும் அந்தி நேரத்திலும் பார்த்தால் தெரிந்துவிடும்: வெயில் சாயச் சாயக் காற்றின் தடிமன் கூடி 687 கறுக்கும், மக்னீசியக் கோடு அப்படியே இருக்கும்.

மூலக்கூறுக்கு அடுப்படியே போதும். கேஸ் அடுப்பின் நீலச் சுடரைப் பிளவு வழியே பார்த்தால் 516, 473, 563 அருகே, ஒரு விளிம்பு கூர்மையாகவும் மறுபக்கம் மங்கிக்கொண்டும் போகும் பட்டைகள் தெரியும். இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு தருபவை அவை. வால்மீன் தலையின் பச்சைக்கும் அதுவே காரணம். அணு தனிக் கோடு தரும். மூலக்கூறு அதிர்வும் சுழற்சியும் சேர்வதால் கோடுகளை நெருக்கிப் பட்டையாகத் தரும். சுடரில் ஒரு கல் உப்பைப் போட்டால் இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம்.

இந்தப் பகுதியில் டிவிடிக்கே என் ஓட்டு. முப்பட்டகம் கல்லூரியில் இருக்கட்டும்.

இரவில்: பிளவில்லாக் கீற்றணியும் பிளவுக் கருவியும்

விண்மீன் தானே ஒரு புள்ளி என்பதால் பிளவு இல்லாமலே நிறமாலை எடுக்கலாம். மி.மீ.க்கு 100 கோடுகள் கொண்ட, ஒளியை ஒரே பக்கம் குவிக்கும்படி வெட்டிய கீற்றணிகள் ஒன்றேகால் அங்குல வடிகட்டி வளையத்தில் கிடைக்கின்றன. ஸ்டார் அனலைசர் 100 இவ்வகையே. கேமராவின் மூக்கில் திருகினால் வேலை முடிந்தது. ஒரு பிக்சலுக்கு எத்தனை நானோமீட்டர் என்பதற்கான கணக்கு: பிக்சல் அளவை மைக்ரோமீட்டரில் எடுத்து 1000-ஆல் பெருக்குங்கள்; மி.மீ.க்கு எத்தனை கோடுகள் என்பதையும், கேமரா உணரிக்கும் கீற்றணிக்கும் இடையே எத்தனை மி.மீ. தூரம் என்பதையும் பெருக்கி, வரும் தொகையால் அதை வகுக்கவேண்டும். 3.76 மைக்ரோமீட்டர் பிக்சல், 40 மி.மீ. தூரம் என்றால் 0.94 வருகிறது.

ஆனால் அந்த 0.94 கைக்குக் கிடைக்காது. காற்று நடுங்குவதால் விண்மீன் 3 விகலை (ஒரு விகலை பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அகலத்துக்கு வீங்கினால், 1000 மி.மீ. குவியத்தூரத்தில் அது ஏறத்தாழ நாலு பிக்சல். ஆக, நுணுக்கம் 3.6 நானோமீட்டர். இங்கே வானம்தான் பிளவு. வட்டக்கானல் பக்கம் மலை விளிம்பில் இரவுக் காற்று மேலேறி வரும்போது விண்மீன் எவ்வளவு துடிக்கிறதோ அவ்வளவு கோடு மங்கும். விளிம்பை விட்டு உள்ளே, மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் திறந்த புல்வெளியில் வைப்பது நல்லது.

படத்தில் நிறமாலைக்குப் பக்கத்தில், விரியாத ஒளி விண்மீன் புள்ளியாகவே விழும். குவியத்தை அந்தப் புள்ளியில் வைக்கக் கூடாது. நிறமாலையின் நடுவே ஒரு ஹைட்ரஜன் கோட்டில் வைக்கவேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் குவிவதில்லை. பக்கத்து விண்மீனின் நிறமாலை மேலே ஏறினால் கேமராவைத் திருப்பிப் பார்க்கவேண்டும். விண்மீனைத் தொடர்ந்து நகரும் தாங்கி இல்லாத டாப்சோனியன் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. விண்மீன் நழுவும் திசைக்குச் செங்குத்தாக நிறமாலை விழும்படி கீற்றணியைத் திருப்பினால், நழுவலே நிறமாலையை அகலப்படுத்திக் கோடுகளைத் தெளிவாகக் காட்டும்.

பிளவுக் கருவி வேறு உலகம். பிளவு, இணையாக்கும் லென்ஸ், கீற்றணி, கேமரா லென்ஸ், பிளவைப் பார்த்துக்கொண்டே இருக்க இரண்டாவது கேமரா: இவ்வளவும் வேண்டும். ஆல்பி 600 போன்ற கருவிகள் பெயரிலேயே பகுதிறனைச் சொல்கின்றன. அலைநீளத்தைப் பகுதிறனால் வகுத்தால் நுணுக்கம் வரும். 656-இல் அது 1.1 நானோமீட்டர். மி.மீ.க்கு 2400 கோடுகள் கொண்ட லிரெஸ் 3-இல் பகுதிறன் 17,000 அளவுக்குப் போகும், அதாவது 0.04 நானோமீட்டர். இரட்டை விண்மீன்களின் வேகம் இங்கேதான் கைக்கு வருகிறது. விண்மீனின் ஊதா ஒளியில் உள்ள கால்சியம் கே என்ற கருங்கோட்டின் நடுவில் எழும் ஒளிர்வின் அகலம் அதன் உண்மைப் பிரகாசத்தைச் சொல்லும் என்று 1957-இல் ஓலின் வில்சனுடன் காட்டியவர் வைணு பாப்பு. 1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக வந்தவரும் அவரே. அத்தகைய அளவீட்டைப் பிளவில்லாக் கீற்றணியில் நினைத்தும் பார்க்க முடியாது.

விலையை விடவும் சிரமம் இதில் அதிகம். 2000 மி.மீ. குவியத்தூரத் தொலைநோக்கியில் 3 விகலை விண்மீன் 29 மைக்ரோமீட்டர் அகலம்; 25 மைக்ரோமீட்டர் பிளவில் அது முழுதாக நுழையாது, தாங்கி கொஞ்சம் தடுமாறினால் நுழையவே நுழையாது. 1000 மி.மீ. தொலைநோக்கியில் 15 மைக்ரோமீட்டர்தான், தாராளமாக நுழையும். பெரிய தொலைநோக்கி வாங்கினால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணம் இந்த இடத்தில் உடைகிறது.

ஜனவரி இரவில் குளிர் இறங்கிக்கொண்டே இருக்கும்போது கருவியின் உடலும் சுருங்குகிறது. முப்பரிமாண அச்சில் எடுத்த நெகிழி உடல் இன்னும் மோசம். கோடு ஒரு மணி நேரத்தில் ஓரிரு பிக்சல் நகர்ந்தால் அதை விண்மீனின் வேகம் என்று நம்பிவிட நேரும். அதனால் ஒவ்வொரு விண்மீனுக்கும் முன்னும் பின்னும் நியான் விளக்கு நிறமாலை எடுத்தே ஆகவேண்டும். 585.2, 640.2, 703.2 கோடுகள் எளிதில் தெரியும். பழைய சுவிட்ச் பலகைகளில் செம்மஞ்சளாக எரியும் குமிழ் நியான்தான். புதியவற்றில் பல எல்இடி, அவற்றில் கோடே இருக்காது. எது எது என்று டிவிடி குழாயே காட்டிவிடும். மின்னிணைப்பில் இருக்கும் பலகையைத் திறக்காமல், குமிழைத் தனியே வாங்கி உரிய மின்தடையோடு பொருத்துவதே பாதுகாப்பு. பனி படிவதற்கு இரண்டு கருவிக்கும் ஒரே மருந்து: தொலைநோக்கி வாயில் பனிக் கூம்பும் மெல்லிய சூட்டுப் பட்டையும்.

நகரும் தாங்கியும் வழிகாட்டும் கேமராவும் ஏற்கெனவே கையில் இருந்து, வேகம் அளக்கவேண்டும் என்ற கேள்வியும் இருந்தால் மட்டும் பிளவுக் கருவிக்குப் போகலாம். மற்றவர்களுக்கு 100 கோட்டுக் கீற்றணியே சரி. முதலில் சிரியஸில் ஹைட்ரஜன் கோடுகளை எடுத்து, 486.1-ஐயும் விண்மீன் புள்ளியையும் வைத்து அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். அடுத்து திருவாதிரை அல்லது கேட்டை. டைட்டானியம் ஆக்சைடின் படிக்கட்டுப் பட்டைகள் நேரடியாகப் படத்திலேயே தெரியும். சித்திரை விண்மீனில் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. மிகுந்த வெப்பத்தில் ஹைட்ரஜன் கோடுகள் மெலிவதால் அப்படி, கருவியின் குறை அன்று.

வட இந்தியாவில் இருப்பவர்களுக்கு அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும் காமா வெலோரம் இங்கே 32 பாகை உயரத்துக்கு ஏறும். வெறுங்கண்ணுக்கே எளிதில் தெரியும் உல்ஃப்-ராயே விண்மீன் அது, அதாவது தன் வெளி அடுக்குகளை வேகமாக வீசியெறியும் மிக வெப்பமான வகை; கருங்கோடுகளுக்குப் பதில் 465, 570, 580 அருகே கார்பனின் ஒளிக்கோடுகள் தடித்து நிற்கும். 3.6 நானோமீட்டர் நுணுக்கமே அதற்கு மிச்சம். பிப்ரவரி கடைசியில் இரவு 10 மணியளவில் நேர் தெற்கே உச்சத்தில் இருக்கும். தெற்கு விளிம்பில் நின்றால் பெரியகுளம், தேனிப் பக்கத்து விளக்கொளி கீழிருந்து கலக்கும் என்பதால் அதற்கும் மன்னவனூர் பக்கமே மேல்.