ஹட்டன் பக்கம் கொம்பியூட்டர் எடுக்கப் போகிறீர்களா? ரேம் எத்தனை ஜிபி என்று மட்டும் பார்த்து விடாதீர்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் புதிதாக டெஸ்க்டொப் எடுக்க இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அண்மையில் எடுத்தவர்களும் படித்துவிட்டு உங்கள் மெஷினை ஒருதரம் பாருங்கள். 16 ஜிபி ரேம் என்று பில் போட்டிருப்பார்கள், உள்ளேயும் 16 ஜிபி இருக்கும். விளையாட்டு நடப்பது ரேம் டேட்டாவைக் கொண்டுபோகும் வேகத்தில்.

என் தங்கச்சி கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் தேர் என்று வீடியோ எடிட் செய்து கொடுக்கிறாள். அவளுக்காகத்தான் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் மெஷின் எடுத்தோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிப் போனதற்குப் பிறகு தனி கிராபிக்ஸ் கார்ட் எல்லாம் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. ஆகவே கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி ப்ரொசெஸர் போதும் என்று முடிவு செய்தோம். கடைக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பிய கோட்டேஷனில் "டிடிஆர் 4, 8 ஜிபி இரண்டு, 3200" என்று தெளிவாக இருந்தது. அதாவது டிடிஆர் 4 ரக ரேம், 8 ஜிபி ஸ்டிக் (ரேம் பலகை) இரண்டு, வேகம் 3200. காசு கட்டியதும் கைக்கு வந்த பில்லில் "16 ஜிபி ரேம்" என்பதோடு சரி. எத்தனை ஸ்டிக், என்ன வேகம், ஒன்றும் இல்லை.

வீட்டில் யூடியூப், டைப்பிங் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. எடிட்டிங்கில்தான் சிக்கல். இரண்டு கெமராவில் எடுத்ததை ஒன்றாக வைத்து ஓடவிட்டால் நாதஸ்வரம் முன்னால் போகும், தாலி கட்டுகிற படம் பின்னால் வரும். கடைக்குப் போன் போட்டால், "சொஃப்ட்வேர் ஹெவி அண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்த்தேன். வேகம் 2400. ரேம் செருகும் ஸ்லொட் இரண்டில் ஒன்றில்தான் ரேம்.

இது ஏன் பெரிய விஷயம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டில் அதற்கென்றே வேகமான மெமரி இருக்கும். 5600ஜி மாதிரி ப்ரொசெஸரில் அப்படி எதுவும் கிடையாது. படத்துக்கான வேலையும் மற்ற வேலையும் ஒரே ரேமைத்தான் பங்கு போட்டுக் கொள்கின்றன. தேயிலை ஃபெக்டரியில் எத்தனை ரோலர் இருந்தாலும் கொழுந்து லொறி நேரத்துக்கு வராவிட்டால் எல்லாம் சும்மாதானே நிற்கும், அதே கதை. கணக்கும் லேசானது. ஒரு சேனல், அதாவது ரேமுக்கும் ப்ரொசெஸருக்கும் நடுவே உள்ள ஒரு பாதை, ஒரு தடவைக்கு 64 பிட், அதாவது 8 பைட் கொண்டு போகும். 3200 என்றால் செக்கனுக்கு 3200 மில்லியன் தடவை; அதை 8ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக்கை இரண்டு சேனலில் போட்டால் 51.2 ஜிபி. எங்களுக்குப் போட்டுக் கொடுத்ததோ ஒற்றை 2400, வெறும் 19.2 ஜிபி. காசு கொடுத்ததில் பாதிகூட வரவில்லை.

பெட்டியைத் திறந்தால் ஒரே ஒரு 16 ஜிபி ஸ்டிக். அதைத் தயாரித்த கம்பனியின் லேபலுக்கு மேலேயே, "கிழித்தால் வாரண்டி இல்லை" என்று கடையின் சில்வர் ஸ்டிக்கர். எழுத்தை மறைக்க வேண்டும் என்றே அளந்து ஒட்டியது மாதிரி இருந்தது. ஆனால் ஸ்டிக்கர் கொஞ்சம் கட்டை. ஓரத்தில் "பிசி4-2400" என்பது வெளியே தெரிந்தது. 3200 என்றால் அந்த இடத்தில் பிசி4-3200 என்றோ பிசி4-25600 என்றோ இருக்க வேண்டும். தங்க நிறப் பல் வரிசையில் பலமுறை போட்டுக் கழற்றிய கோடுகள். சிபியு-இசட் என்ற இலவச சொஃப்ட்வேரில் எஸ்பிடி (ரேமுக்குள்ளேயே பதிந்திருக்கும் விபரம்) பக்கத்தில் ரேம் தயாரித்த வாரமும் வருடமும் வரும். எங்கள் "புது" ரேம் 2017இல் பிறந்தது. 5600ஜி கடைகளுக்கு வந்ததே 2021இல்!

கடைக்காரர் சொன்ன சமாதானங்களைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆட்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

முதலில், "சிபியு-இசட் எப்பவும் பாதியைத்தான் காட்டும் அண்ணே" என்றார். சரிதான். டிடிஆர் ரேம் ஒரு கடிகாரத் துடிப்பில் இரண்டு தடவை டேட்டா அனுப்பும், ஆகவே 3200 ரேமுக்கு அங்கே 1600 என்று காட்டும். ஆனால் எங்கள் மெஷினில் காட்டியது 1200. இரட்டித்தாலும் 2400தான்.

அடுத்தது, "பயோஸில் எக்ஸ்எம்பி போடவில்லை, அதுதான்." பயோஸ் என்பது மெஷினின் அடிப்படை செட்டிங் பக்கம்; எக்ஸ்எம்பி என்பது ரேமில் பதிந்திருக்கும், அதை முழு வேகத்தில் ஓடவிடும் ப்ரொஃபைல். இதிலும் நியாயம் உண்டு. நல்ல 3200 ரேம்கள் பலவும் எக்ஸ்எம்பியை ஓன் செய்யும்வரை 2133இலோ 2400இலோ 2666இலோதான் ஓடும். சில மதர்போர்ட்களில் அதற்கு டிஓசிபி என்று பெயர். எனவே டாஸ்க் மேனேஜரில் குறைவாகக் காட்டினால் உடனே கடையில் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம், முதலில் பயோஸைப் பாருங்கள். எங்கள் ஸ்டிக்கில் அந்த ப்ரொஃபைலே கிடையாது. இல்லாததை எப்படிப் போடுவது?

கடைசியில், "ரேம் ஸ்பீட் எல்லாம் பெரிய வித்தியாசம் தராது" என்றார். கடிதம் டைப் செய்பவருக்கும், தனி கிராபிக்ஸ் கார்ட் வைத்திருப்பவருக்கும் பெரும்பாலும் அப்படித்தான். அவர்களுக்கு 8 ஜிபியை 16 ஆக்குவதும் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக்குவதும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் உள்ளே கிராபிக்ஸ் உள்ள மெஷினை விற்றுவிட்டு அதே வசனத்தைச் சொல்வது அநியாயம். வித்தியாசம் இல்லை என்றால் கோட்டேஷனில் 3200 என்று எதற்குப் போட்டார்?

வட்ஸ்அப் கோட்டேஷனை ப்ரின்ட் எடுத்து, ஸ்டிக்கர் படத்தையும் வைத்துக்கொண்டு மறுபடி போனேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தைச் சொன்னதும் குரல் இறங்கியது. ரேமைத் திருப்பி எடுத்தார்கள், ஆனால் "யூஸ் பண்ணிய சாமான்" என்று விலையில் வெட்டு. விற்கும்போது புதிது, திரும்பி வரும்போது பழையது! அந்த மிச்சக் காசுக்காக எழுத்து மூலம் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்துவிட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிறகு கண்டியில் 8 ஜிபி 3200 இரண்டு வாங்கினோம். பில்லில் இரண்டு ஸ்டிக்கின் சீரியல் நம்பரும் வேகமும் எழுதச் சொன்னேன், முகம் சுளிக்காமல் எழுதினார்கள். போட்டு எக்ஸ்எம்பியை ஓன் செய்ததும் தங்கச்சியின் இரண்டு கெமரா வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. முப்பது ஃப்ரேமுக்கும் கீழே தவழ்ந்த கேம் ஒன்று அதே செட்டிங்கில் ஐம்பதைத் தாண்டுகிறது. ப்ரொசெஸர், போர்ட், எஸ்எஸ்டி எதையும் தொடவில்லை.

திருப்பிக் கொடுத்த அந்த ஸ்டிக் கடை ஷோகேஸுக்குள்தான் போனது. குப்பையில் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் புது மெஷினில் சில்வர் ஸ்டிக்கர் ஒட்டிய ஒற்றை 16 ஜிபி இருந்தால், எஸ்பிடி பக்கத்தில் வருடம் 2017 என்று வருகிறதா பாருங்கள்.